கண் சொன்ன காகம்

அத்தியாயம் 4

துப்பறியும் நிபுணர் வீரபத்திரனுக்குக் கீழக்கரை பிடிக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் காரணம். முதுகுளத்தூரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு மாடியில் 'வீரா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி, தும்மிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அவரை அந்த ஊர் ஆடுகளுக்குக்கூடத் தெரியும். இங்கேயோ ஆட்டோக்காரர் அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "கண் ஆபரேஷனா சார்? ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்" என்றார்.

"கழட்டிருங்க சார்," என்றாள் யுவராணி. "கண்ணு சம்பந்தப்பட்ட கேசு. ஒரு மாறுதலுக்குக் கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுப் பாப்போம்."

யுவராணி அவருடைய உதவியாளர். நிலையத்தில் யோசிக்கிற வேலை என்னுடையது, மற்றதெல்லாம் அவளுடையது என்று வீரபத்திரன் சொல்வார். அவளைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

வாவு முகம்மதுவின் வீட்டு கேட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவள்தான் மாலதி, அபிராமத்துக்காரி, படுக்கையில் கிடக்கும் வாவு முகம்மதுவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். நேற்று வரை வீட்டுக்குள் அவளுக்கு அறை இருந்தது. இன்று நாற்காலிதான்.

"நீங்கதான் துப்பறியிறவரா?" என்று அவள் எழுந்தாள். "நான் எடுக்கல சார். அய்யாவுக்கே தெரியும். சாயங்காலம் போலீசக் கூப்பிடப் போறாகளாம். ஒரு தடவ ஜீப்புல ஏறிட்டேன்னா, அப்புறம் எந்த வீட்டுல சார் என்னைய நம்பி ஒரு நோயாளிய விடுவாக? எனக்குத் தெரிஞ்சது இந்த வேல ஒண்ணுதான்."

"குற்றவாளிகள் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான்," என்றார் வீரபத்திரன்.

"குத்தம் செய்யாதவங்களும் அதத்தான் சொல்லுவாங்க சார்," என்றாள் யுவராணி. "வேற என்னத்தச் சொல்றது?"

வாசலில் மஹ்மூது ஹாஜியார் காத்திருந்தார். வாவு முகம்மதுவுடன் பிறந்த மூத்தவர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, அதன் மேல் பை வைத்த அகலமான பச்சை பெல்ட். வீரபத்திரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி நெறையக் கேள்விப்பட்டுத்தான் வரவழைச்சேன்" என்றார். வீரபத்திரனுக்குக் கீழக்கரை அந்த நிமிஷத்திலிருந்து பிடிக்க ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். வாவு முகம்மதுவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து, உடம்பு மொத்தமும் படுத்துவிட்டது. நாக்கு புரளாது. விரல் அசையாது. இமைகூடத் தானாகத் துடிக்குமே தவிர அவர் சொல்பேச்சு கேட்காது. மிச்சம் இருப்பது இரண்டு கருவிழிகள். மகள் ஹுமைராவின் நிக்காஹுக்கென்று அவருடைய தலைமாட்டு அலமாரியில் வைத்திருந்த முத்துமாலையைக் காணோம். அது மன்னார் வளைகுடா முத்து, குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருப்பது. திருடியது யார் என்பதை வாவு முகம்மதுவே சொல்லிவிட்டார், கண்ணால்.

கட்டிலுக்கு எதிரே ஒரு ஸ்டாண்டில் அந்த மிஷின் நின்றது. சென்னைக் கம்பெனி ஒன்று 'விழியோசை' என்று பெயர் வைத்து விற்கும் சாமான். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். திரைக்குக் கீழே ஒரு பட்டையில் காமிரா. கருவிழி எந்தக் கட்டத்தில் நிலைக்கிறதோ அந்தச் சொல்லை மிஷின் வாய்விட்டுச் சொல்லும்.

"ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரிதான் பேசும்," என்றாள் ஹுமைரா. "வாப்பா தண்ணிப் படத்தப் பாத்தா அது 'தண்ணீர்'னு சொல்லும். மொத நாளு அந்தத் 'தண்ணீர்' கேட்டு வாப்பா கண்ணு சிரிச்சுச்சு."

"உங்களைக் கூப்பிட எந்தப் படம்?" என்றார் வீரபத்திரன்.

"அது இதுல இல்லங்க. மக, அண்ணன், பேரன் எல்லாம் உறவுகள் பக்கத்துல இருக்கு. அதுக்குத் தனிச் சந்தா. ஆமா, இல்லன்னு சொல்ற கட்டமும் அதுலதான். கேட்டிருக்கோம், அடுத்த வாரம் தொறந்து விடுவாங்களாம். பழம், பறவ, ஆஸ்பத்திரி எல்லாம் இலவசம்."

"பெத்த மகளக் கூப்பிடச் சந்தா, ஆந்தையக் கூப்பிட இலவசம்," என்றாள் யுவராணி. "நல்ல கம்பெனி."

கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போன மற்ற உபயோகங்களையும் ஹுமைரா சொன்னாள். லாரி டிரைவர் கண் செருகினால் மணி அடித்து எழுப்பும். பரீட்சை எழுதுகிறவன் பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்த்தால் காட்டிக்கொடுக்கும். பெரிய கடைகளில் யார் எந்த அலமாரியை ஏக்கத்தோடு பார்த்தார்கள் என்று குறித்து வைத்து, மறுநாள் அந்தச் சாமானுக்கு விலையை ஏற்றும். மனிதன் வாயால் சொன்னதை நம்பாத உலகம் அவன் கண்ணை நம்பலாம் என்று முடிவெடுத்திருக்கிறது, அதுவும் ஒரு பெட்டி வழியாக வந்தால்தான்.

"கல்யாணப் பந்தியில ஒண்ண மாட்டணும் சார்," என்றாள் யுவராணி. "யாரு யாரு அடுத்தவன் இலையப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சு போகும்."

"இனி பேச்சு போதும். ஆதாரத்தைக் காட்டுங்கள்," என்றார் வீரபத்திரன்.

மஹ்மூது ஹாஜியார் கட்டிலில் ஏறித் தம்பியை ஒட்டி உட்கார்ந்தார். கன்னத்தோடு கன்னம் வைத்தார். ஒரு கையால் தம்பியின் நெற்றியை மெல்லத் தடவினார். பாசத்தில் அந்தக் கை புருவத்துக்கும் கீழே இறங்கியது. "தம்பி, பயப்படாமச் சொல்லு. மாலைய எடுத்தது யாரு?"

மிஷின் தொண்டையைச் செருமாமல் சொன்னது. "செவிலியர்."

"கேட்டீங்களா?" என்று ஹாஜியார் இறங்கினார். "அவன் வாயால, சரி, கண்ணால சொன்னது."

அவர் நாலடி தள்ளிப் போனதும் மிஷின் மறுபடியும் பேசியது. "காகம். காகம். காகம்."

"இது ஒண்ணுதான்," என்றார் ஹாஜியார் வருத்தமாக. "புத்தி வந்து வந்து போவுது. நல்லா இருக்கறப்ப நர்ஸுங்குறான். கலங்கிட்டா காகங்குறான். டாக்டரும் மூளை கொஞ்சம் பாதிச்சிருக்குன்னுதான் சொன்னாரு."

ஜன்னலுக்கு வெளியே இருந்து மாலதியின் குரல் கேட்டது. "அவுகளுக்கு ஒண்ணும் கலங்கல சார். மிஷின் வாரதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். கண்ணு மேல போனா ஆமா, கீழ போனா இல்ல. நான் எடுத்தேனான்னு எல்லாரு முன்னாலயும் கேட்டேன். கீழதான் பாத்தாக."

"நீ பழக்கி வச்ச கண்ணுதானே அது," என்றார் ஹாஜியார்.

வீரபத்திரனும் தலையை ஆட்டினார். "வெறுங்கண்ணை ஆதாரமாக ஏற்க முடியாது. கருவி சொல்ல வேண்டும்."

அசர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. "தொழுதுட்டு வந்து ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிருவேன்," என்றார் ஹாஜியார். "எனக்குச் சந்தேகமே இல்ல. ஹுமைராவுக்குத்தான் மனசு வரல. நீங்க ஒரு வார்த்த 'நர்ஸ்தான்'னு சொல்லிட்டீங்கன்னா புள்ளையும் ஏத்துக்கும்." அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்.

அவர் உட்கார்ந்ததில் தலையணை சரிந்து கிடந்தது. யுவராணி குனிந்து வாவு முகம்மதுவின் தலையை நிமிர்த்தி, தலையணையை இழுத்து வைத்தாள். அடுப்படியில் இருந்து நெய்யும் ஏலக்காயுமாக வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் முகம் அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"பிரியாணி," என்றது மிஷின். "பிரியாணி. பிரியாணி."

ஹுமைரா திகைத்தாள். "வாப்பாவுக்கு மூக்குக் குழாயிலதாங்க கஞ்சி. இது வரைக்கும் பிரியாணி கேட்டதே இல்ல."

"ஆழ்மனத்து ஆசை," என்றார் வீரபத்திரன்.

யுவராணிக்குக் காது வரை சிவந்துவிட்டது. "சார், அது அவரு இல்ல. நானு. அந்தப் படத்த நாந்தான் பாத்தேன். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. இது யாரு கண்ணுன்னு பாக்காது சார், கிட்டக்க எந்தக் கண்ணு அகப்படுதோ அதப் படிக்கும்."

"உன் வயிற்றைப் பிறகு விசாரிக்கிறேன். எனக்குத் துப்பு கிடைத்துவிட்டது." வீரபத்திரன் ஜன்னலைக் காட்டினார். கம்பிக்கு வெளியே, சந்தில், ஒரு பெரிய பூவரச மரம். உச்சியில் கூடு. "எல்லாரும் செவிலியரைப் பிடித்துக்கொண்டார்கள். காகத்தை விட்டுவிட்டார்கள். முத்து மின்னும். காக்கா மின்னுகிறதைத் தூக்கும். ஜன்னல் திறந்திருந்தது. படுத்திருந்தவர் பார்த்தார். புரிகிறதா?"

"புரியுது சார். ஆனா அலமாரிக் கதவையும் காக்காவே தொறந்து, எடுத்துட்டு, திரும்பச் சாத்திருச்சா?"

அதற்குள் வீரபத்திரன் சந்துக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல காரியம் என்று நினைத்துச் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு வேகம் உண்டு. ஐம்பது வயதுக்கு அவர் நன்றாகவே ஏறினார்.

"வாழ்க்கையில மொதத் தடவையா நெசமாவே காக்கா பிடிக்கப் போறீங்க சார்," என்று கீழே இருந்து யுவராணி சொன்னாள்.

கூட்டில் கொஞ்சம் கம்பி, ஒரு ஐஸ்கிரீம் கரண்டி, உடைந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு காது, இவ்வளவுதான் இருந்தது. மாலை இல்லை. வீட்டுக்காரக் காகங்கள் ஊர் திரட்டிக்கொண்டு வந்து அவர் தலையில் கொத்தத் தொடங்கின. ஒரு கையால் கிளையையும் மறு கையால் வழுக்கையையும் காத்துக்கொண்டு, சந்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அவர் அறிவித்தார். "எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். வாவு முகம்மது வீட்டு மாலையைத் திருடியது காக்காதான். சந்தேகமே இல்லை. காக்காதான் திருடன்."

மீன் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று பிரேக் போட்டது. அதில் வந்த மீன் வியாபாரி இஃப்திகார் காலை ஊன்றி அண்ணாந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரய்யா நீரு? எந்தூரு? எந்தக் காக்காவச் சொல்றீரு?"

"எந்தக் காக்கா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பத்து பறக்கிறதே."

"வாவு முகம்மதுக்கு இருக்கறது ஒரே காக்கா. மஹ்மூது காக்கா. ரெண்டு தடவ ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்த மனுசன். அவர மரத்து மேல ஏறி நின்னு திருடன்னு சொல்றீரே, எறங்கும் சொல்றேன்."

வீரபத்திரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார், ஒரு காகம் நடுமண்டையில் கொத்தியது. யுவராணி இஃப்திகாரின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த கிண்டல் எங்கோ போய்விட்டது.

"அண்ணே, ஒரு நிமிசம். கூடப் பொறந்த மூத்தவங்கள இங்கன என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"காக்கான்னுதான். வேற எப்பிடிக் கூப்பிடுவாக?"

"சார், எறங்குங்க," என்றாள் யுவராணி. "நீங்க சொன்னது சரிதான். எதச் சொன்னோம்னு உங்களுக்குத்தான் தெரியல."

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாஜியார் தொழுகை முடிந்து வந்து போனைக் கையில் எடுத்திருந்தார். சட்டை கிழிந்து, தலையில் ரத்தக் கோடுகளுடன் வந்த நிபுணரைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார்.

"விசாரணை," என்றார் வீரபத்திரன்.

"ஒரே ஒரு தடவ உங்க தம்பிகிட்டக் கேட்டுருவோம் ஹாஜியார்," என்றாள் யுவராணி. "ஆனா நீங்க கட்டில்ல ஏற வேணாம். அந்தச் செவத்தோட நில்லுங்க. ஹுமைரா, முன்னாடி இதப் பாருங்க."

அவள் வாவு முகம்மதுவிடம் குனிந்து, "அய்யா, கோச்சுக்கிறாதீங்க, ஒரு நொடி" என்று சொல்லி, ஒரு கையால் அவர் கண்களை மூடினாள். தன் முகத்தைப் பக்கத்தில் வைத்துத் திரையைப் பார்த்தாள்.

"வாழைப்பழம்," என்றது மிஷின். "ஆந்தை. பிரியாணி."

அவள் கையை எடுத்தாள். "உங்க வாப்பா கண்ணு மூடியிருக்கு, மிஷின் பேசுது. உங்க பெரியவாப்பா பாசமா நெத்தியத் தடவுறப்ப, அந்தக் கை எங்கன இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. செவிலியர்ங்குற படத்தப் பாத்தது யாரு கண்ணு?"

யுவராணி நகர்ந்துகொண்டாள். இப்போது திரைக்கு எதிரே வாவு முகம்மது மட்டும்தான். அவசரப்படாமல், அழுத்தமாக, மிஷின் சொன்னது. "காகம்."

"இங்கன வந்து, உங்க வாப்பா பாக்குற எடத்துல இருந்து பாருங்க. மிஷின் சொல்றதக் காதுல வாங்காதீங்க. படத்த மட்டும் பாருங்க. உங்க வீட்டுப் பேச்சுல அது என்ன?"

ஹுமைரா கட்டிலருகே மண்டியிட்டுப் பார்த்தாள். கறுப்பாக, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஒரு பறவை.

"காக்கா," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. மெல்லத் திரும்பி, சுவரோடு நின்ற பெரியவாப்பாவைப் பார்த்தாள். "வாப்பா, காக்காவா? பெரியவாப்பாவா?"

வாவு முகம்மதுவின் கண்கள் மேலே போயின.

ஹாஜியார் சிரிக்கப் பார்த்தார். "ஒரு காக்காப் படத்த வச்சுக்கிட்டு என்னையவா..." அப்போதுதான் வீரபத்திரன் தம் தொழில் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றைக் கவனித்தார். ஹாஜியாரின் கண்கள் கட்டிலைப் பார்க்கவில்லை, ஹுமைராவைப் பார்க்கவில்லை. நொடிக்கு ஒரு தரம் கீழே, தம்முடைய இடுப்புக்குப் போய்த் திரும்பின.

"யுவராணி," என்றார். "இவர் கண் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறது என்று பார். எனக்குப் பெல்ட் என்று படுகிறது."

பச்சை பெல்ட்டின் பையில் இருந்து, கைக்குட்டையில் சுற்றியபடி, முத்துமாலை வந்தது. அதை எடுத்தவரின் கைதான் அதைக் கட்டிலில் வைத்தது. தம் வீட்டில் வைக்க அவருக்குத் தைரியம் இல்லை, அங்கே இருப்பவர்களை நம்பமாட்டாராம்.

"எங்க உம்மா கழுத்துல கெடந்தது," என்றார் ஹாஜியார். "மூத்தவன் நானு. எனக்குத் தராம இவனுக்குத் தந்துச்சு. நாப்பது வருசமா மனசுல கெடக்கு. மிஷின் அன்னிக்குச் சார்ஜுல கெடந்துச்சு. இவன் பாத்துக்கிட்டேதான் இருந்தான். பாத்தா என்ன, சொல்லவா போறான்னு நெனச்சேன்."

"அப்படியானால் என்னை எதற்கு வரவழைத்தீர்கள்?" என்றார் வீரபத்திரன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

ஹாஜியார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "முதுகுளத்தூர்ல நாலு பேருகிட்ட விசாரிச்சேன். நீங்க எடுத்த கேசு எதுலயும் திருடன் அகப்பட்டதே இல்லன்னாங்க."

யுவராணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஹுமைரா பெரியவாப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள். "நீங்க போங்க," என்றாள். மாலை கட்டிலில் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. எல்லாரும் மாலையைப் பார்த்தார்கள், ஹாஜியாரைப் பார்த்தார்கள், வீரபத்திரன் தாம் மரம் ஏறியதே இதற்காகத்தான் என்று விளக்கத் தொடங்கியிருந்தார். கேட்டருகே நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"செவிலியர்," என்றது மிஷின். "வலி."

எல்லாரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள்.

"செவிலியர். வலி."

வெளியே பை விழுகிற சத்தம் கேட்டது. மாலதி ஓடி வந்தாள். உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போய்க் காலைத் தொட்டாள். "எங்கன வலிக்குது அய்யா? காலா?"

கண்கள் கீழே போயின.

"முதுகா? பொரட்டிப் படுக்க வைக்கவா?"

கீழே.

"தலையா?" நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. குழாயைப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. கண்கள் மறுபடியும் கீழே போய், பிறகு அவளைத் தாண்டித் திரைக்குப் போயின.

"செவிலியர். வலி."

மாலதியின் கை நின்றது. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்கான்னு கேக்குறீகளா?"

கண்கள் மேலே போயின. போனவை அங்கேயே நின்றன.

"இருக்குய்யா," என்றாள் மாலதி. "ரொம்ப இருக்கு." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.